மேஜர் முந்தினார், விமானம் பிந்தியது

2008 நவம்பர் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் தீவிரவாதிகளைத் தேடிப் போன தேசியப் பாதுகாப்புப் படை (என்.எஸ்.ஜி.) குழுமீது சரமாரியாகக் குண்டுகள் பாய்ந்தன. ஒரு கமாண்டோ படுகாயத்துடன் சாய்ந்தார். எதிரிகள் தலைதூக்க முடியாதபடி சுட்டுக்கொண்டே, அவரை அங்கிருந்து மீட்டு அனுப்பினார் குழுத் தலைவர். அவருடைய வலது கையில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகும் அவர் பின்வாங்கவில்லை. கடைசி மூச்சுவரை சண்டையிட்டு மடிந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனுக்கு வயது 31. அந்த நடவடிக்கையில் 14 பிணைக் கைதிகளை அவர் மீட்டிருந்தார்.

கோழிக்கோட்டில் பிறந்தாலும் சந்தீப் பெங்களூரு பிள்ளை. படித்தது ஃபிராங்க் ஆண்டனி பப்ளிக் பள்ளி. தந்தை இஸ்ரோவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கார்கில் போர் முடியும் முன்பே, 1999இல், பிகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். அதே ரெஜிமென்ட்டைச் சேர்ந்த திருச்சி மேஜர் சரவணன், சில வாரங்களுக்கு முன்புதான் படாலிக் மலையில் உயிர்நீத்திருந்தார்.

இளம் மேஜர்கள் இப்படி முன்னால் நின்று மடிவது தற்செயல் அல்ல. நம் ராணுவத்தில் இளம் அதிகாரி என்றால் 'நீ போ' என்று சொல்கிறவர் இல்லை, 'என் பின்னால் வா' என்று சொல்கிறவர். 2014 ஏப்ரலில் ஷோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜன் மடிந்ததும் அப்படி முன்னால் நின்றுதான். சிப்பாய்க்கு நம்பிக்கை தருவது இந்த மரபு. அதற்கான விலையை முதலில் கொடுப்பதும் அதிகாரிதான்.

ஆனால், அந்த விலையில் அரசு நிர்வாகத்தின் கணக்கும் கலந்திருப்பதைப் பலர் பேசுவதில்லை. 2008 நவம்பர் 26ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிவாக்கில் மும்பையில் தீவிரவாதிகள் சுடத் தொடங்கிவிட்டார்கள். என்.எஸ்.ஜி. இருந்ததோ டெல்லியை அடுத்த மானேசரில். அவர்களை ஏற்றிச் செல்லும் விமானம் சண்டிகரிலிருந்து டெல்லிக்கு வரவேண்டியிருந்தது. மும்பையில் இறங்கியதும் பேருந்துகளில் ஏறித்தான் போனார்கள். களத்தில் இறங்கும்போது மறுநாள் காலை. கடற்படை கமாண்டோக்கள் இரவிலேயே தாஜுக்குள் போயிருந்தாலும், அறை அறையாகப் பதுங்கிக்கொள்ள நான்கு தீவிரவாதிகளுக்கு ஓர் இரவு முழுக்கக் கிடைத்துவிட்டது. அந்த இரவைத்தான் மேஜர் தன் உடம்பால் ஈடுகட்டினார்.

இரங்கல் சொல்லப் பெங்களூரு வீட்டுக்கு வந்த அப்போதைய கேரள முதல்வரைச் சந்தீப்பின் தந்தை திருப்பி அனுப்பியது அன்று பெரிய சர்ச்சையானது. மரியாதைக் குறைவு என்றார்கள். மகனைப் பறிகொடுத்தவரிடம் மரியாதை எதிர்பார்த்ததுதான் விந்தை!

2009 குடியரசு தினத்தில் அசோக சக்ரா வந்தது. பெங்களூரில் ஒரு சாலைக்குப் பெயர் வைத்தார்கள். 2022இல் 'மேஜர்' என்று படமும் வந்தது. இவற்றையெல்லாம்விட உருப்படியான அஞ்சலி ஒன்றும் நடந்தது. மானேசரையே நம்பியிருக்கக் கூடாது என்று 2009இல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. மையங்கள் திறக்கப்பட்டன. மேஜர் வளர்ந்த பெங்களூரு அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த நவம்பரில் அவர் படத்துக்கு மாலை போட வரும் மக்கள் பிரதிநிதியிடம் வாசகர்கள் அதையும் கேட்கலாம்.