கணக்கில் வராத நாலு ரன்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், அது டொராண்டோவாகவே இருந்தாலும், பத்து நிமிடத்துக்குள் பேச்சில் சஞ்சு சாம்சன் வந்துவிடுவார். புல்லுவிளைக்காரர், நம்ம தாலுகா பையன். அவர் அடித்த செஞ்சுரிகள், அவரை வெளியே உட்கார வைத்தது எல்லாம் பேசி முடித்தாயிற்று. நான் பேச வந்தது அவர் வெறும் 2 ரன்னில் அவுட்டான ஒரு ஆட்டத்தைப் பற்றி.

2020 பிப்ரவரி 2, நியூசிலாந்தில் மவுண்ட் மாங்கனுய் மைதானம், ஐந்தாவது டி20. ஷர்துல் தாக்கூர் பந்தை ராஸ் டெய்லர் தூக்கி அடிக்கிறார். சிக்ஸர்தான், சந்தேகமே இல்லை. கீப்பிங் அன்றைக்கு ராகுலிடம் இருந்ததால் சஞ்சு எல்லைக்கோட்டில் நிற்கிறார். பின்பக்கமாகப் பாய்ந்து, உடம்பு கோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தரத்தில் இருக்கும்போதே பந்தைப் பிடித்து உள்ளே எறிந்துவிட்டு விழுந்தார். ஆறு போக வேண்டிய இடத்தில் இரண்டு. மிச்சம் நாலு ரன்.

இந்தியா ஜெயித்தது 7 ரன்னில். அதாவது சஞ்சு இல்லையென்றால் வித்தியாசம் 3. ஆட்ட நாயகன் பும்ரா, 12 ரன்னுக்கு 3 விக்கெட், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஸ்கோர்கார்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த நாலு ரன் எங்கேயும் இல்லை. கேட்ச் பிடித்தால் பெயர் ஏறும், ரன் அவுட்டுக்கும் ஏறும். தடுத்ததற்கு மட்டும் ஏறாது. சஞ்சு சாம்சன், 2 ரன், அவ்வளவுதான்.

பி.காம் படித்து பாங்க்கில் உட்கார்ந்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? எங்கள் தொழிலிலும் இதே கதைதான். டெபாசிட் டார்கெட்டை முடித்தவருக்கு மேடை, கேடயம், போட்டோ. நகைக்கடன் கவுண்டரில் கவரிங் வளையலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவருக்கு ஒரு டீ கூடக் கிடையாது. வராமல் போன நஷ்டத்துக்கு லாப நஷ்டக் கணக்கில் ஏது வரி?

"அதுதான் இப்போ மெடல் குடுக்காங்களே அண்ணாச்சி" என்பார்கள். உண்மைதான். 2023 உலகக் கோப்பையில் ஃபீல்டிங் கோச் திலீப் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் டிரஸ்ஸிங் ரூமில் மெடல் போட்டுவிட்டார். முதல் மெடல் சேப்பாக்கத்தில், கோலிக்கு. 2024 ஃபைனலில் மில்லர் அடித்ததை சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்தாரே, அதற்கும் மெடல். (அந்த ஆட்டமும் 7 ரன்னில்தான் ஜெயம், கவனித்தீர்களா :-)) நல்ல காரியம். ஆனால் அது வீட்டுக்குள் கொடுக்கிற பரிசு. ஒரு ஆளின் கண்ணுக்குப் பட்டது.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதை இங்கே பிள்ளைகளோடு பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டேன். அங்கே 1957 முதல் ஃபீல்டிங்குக்கென்றே தங்கக் கையுறை விருது உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. மேனேஜர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போடுவார்கள். 1999-இல் ரஃபேல் பால்மீரோ என்பவர் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றது வெறும் 28 ஆட்டம், மற்றதில் எல்லாம் பெரும்பாலும் பேட்டிங் மட்டும். விருது அவருக்கே! டெரெக் ஜீட்டர் ஐந்து முறை வாங்கினார். புள்ளிவிவரக்காரர்களோ, கைக்கு எட்டாமல் அவர் விட்ட பந்துகளை எண்ணித் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாய்ந்து விழுகிறவன்தான் கண்ணுக்குத் தெரிவான். பந்து வரும் இடத்தை முன்கூட்டியே அறிந்து இரண்டடி நகர்ந்து நிற்கிறவன் பாயவே வேண்டாம், அவனை யார் பார்ப்பது? கடைசியில் 2013 முதல் கணக்கையும் சேர்த்தார்கள், கிட்டத்தட்ட கால் பங்கு.

நம்மிடம் ஏக்நாத் சோல்கர் இருந்தார். 27 டெஸ்டில் 53 கேட்ச், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று. பேட்டிங் சராசரி 25, விக்கெட் 18. கேட்ச் என்பதால் அந்த 53-ஆவது ஏட்டில் இருக்கிறது. அவர் அங்கே நிற்கிற பயத்தில் பேட்ஸ்மேன் காலை நீட்டாமல் பேடி, பிரசன்னாவிடம் வேறு வழியில் அவுட்டானது எந்த ஏட்டில்?

என் கட்சி இதுதான். ஸ்கோர்கார்டில் ஃபீல்டருக்கு ஒரு பத்தி போடுங்கள்: தடுத்த ரன், விட்ட ரன், இரண்டும். டிவி காமிரா இத்தனை இருக்கும்போது இது பெரிய வேலையே இல்லை. பரிசையும் மூன்றாகப் பிரியுங்கள். பேட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர், உள்வட்டத்தில் நிற்பவர், எல்லைக்கோட்டுக்காரர். மூன்றும் மூன்று தொழில். சோல்கரையும் சஞ்சுவையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

விட்ட ரன்னையும் எழுதினால் நம்ம பையன் பெயரிலும் நாலு ஏறும்தானே என்று ஊரில் ஒருத்தர் போனில் கேட்டார். ஏறட்டுமே. பற்று இல்லாமல் வரவு மட்டும் எழுத அது என்ன கல்யாண மொய் நோட்டா?