பள்ளி வரை ஒரு நியாயம், கலாசாலைக்கு வேறு நியாயமா?

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களும் ஹார்வர்டு போன்ற சர்வகலாசாலைகளும்தான் நம் கண் முன் வந்து நிற்கின்றன. அந்நாட்டுத் தோட்டங்களில் தக்காளி பறிப்பவர் யார், ஹோட்டல்களில் பாத்திரம் துலக்குபவர் யார், வீடுகளுக்குக் கூரை போடுபவர் யார் என்று நாம் விசாரிப்பதில்லை. அவர்களில் மிகப் பலர் லத்தீனோக்கள். மெக்ஸிகோ, பியூர்டோ ரிகோ, கியூபா, எல் சால்வடோர் முதலிய இடங்களைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். எல்லோரும் நேற்று வந்தவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். டெக்ஸாஸும் கலிபோர்னியாவும் மெக்ஸிகோவைச் சேர்ந்திருந்த காலத்திலேயே அங்கு வேரூன்றிய குடும்பங்களும் உண்டு.

2020-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இவர்கள் 6 கோடி 21 லட்சம் பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் பட்டம் பெற்றவர்களை எண்ணிப் பாருங்கள். வயது வந்த வெள்ளையரில் ஐவருக்கு இருவர் பட்டதாரிகள். லத்தீனோக்களில் ஐவருக்கு ஒருவர்தான்.

"அவர்களுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை" என்று சொல்லிக் கை கழுவுகிறவர்கள் அங்கே பலர். இது சுத்த அபாண்டம். படிப்புக்காக வழக்காடியவர்கள் அவர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் மெண்டஸ் குடும்பத்துப் பிள்ளைகளை அவர்களுடைய அத்தை பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனாள். அத்தையின் பிள்ளைகள் சிவந்த நிறம். பெயரும் பிரெஞ்சுப் பெயர் போல் இருந்தது. அவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள். மெண்டஸ் பிள்ளைகள் மட்டும் 'மெக்ஸிகன் பள்ளிக்கூட'த்துக்குப் போக வேண்டுமாம்! அத்தை யாரையும் சேர்க்காமல் திரும்பி விட்டாள். தகப்பனார் கோர்ட்டுக்குப் போனார். 1947-ல் அப்பீலிலும் ஜெயித்தார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதே, அது இதற்கு ஏழு வருஷம் கழித்து, 1954-ல்.

பள்ளிக்குள் நுழைந்த பிறகாவது நிம்மதி உண்டா? 'உனக்குக் கைத்தொழில் போதும்' என்று ஒதுக்கினார்கள். 1968-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்கள் ஆயிரக் கணக்கில் வகுப்பை விட்டு வெளியே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே பகுதியில் கார்ஃபீல்டு பள்ளியில் பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாண்டே என்ற உபாத்தியாயர் உயர் கணிதம் கற்பித்தார். 1982-ல் அவர் மாணவர்கள் பதினெட்டுப் பேர் கலாசாலைத் தரத்துப் பரீட்சையில் தேறினர். உடனே சந்தேகம் வந்து விட்டது! பதினாலு பேர் காப்பி அடித்திருக்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேர் மறுபடியும் பரீட்சை எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஏழைப் பிள்ளை தோற்றால் அது அவன் தலைவிதி. ஜெயித்தால் மட்டும் அத்தாட்சி வேண்டும் போலும்!

பணக் கஷ்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூத்த பையன் சம்பாதித்தால்தான் வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்ற குடும்பங்கள் அநேகம். அதனால் சம்பளம் குறைந்த இரண்டு வருஷக் கலாசாலையில் சேர்ந்து, பகலில் வேலை, இரவில் படிப்பு என்று தள்ளாடி, நாலு வருஷப் பட்டத்தை எட்டாமலே நின்று விடுகிறவர்கள் ஏராளம்.

ஆனால் என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. அனுமதிச் சீட்டு இல்லாமல் பெற்றோரால் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிப் படிப்பை மறுக்கக் கூடாது என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்ற நியாயம் அது. நல்ல நியாயந்தான். ஆனால் அது பள்ளியோடு நின்று விட்டது. பதினெட்டு வயதானதும் அதே பிள்ளை அந்நியன் ஆகி விடுகிறான்!

இதற்கு ஒரு பரிகாரத்தை டெக்ஸாஸ் ராஜ்யம்தான் 2001-ல் முதலில் கண்டது. அங்கே மூன்று வருஷம் வசித்து, அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்வோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், உள்ளூர் மாணவருக்குரிய சம்பளம் கட்டினால் போதும். அதில் கையெழுத்திட்ட கவர்னர் ரிக் பெரி, குடியரசுக் கட்சிக்காரர். இருபத்துநாலு வருஷம் நடந்த ஏற்பாடு இது. 2025 ஜூனில் மத்திய அரசு அதன் மேல் வழக்குப் போட்டது. எதிர்த்து வாதாட வேண்டிய ராஜ்ய அரசாங்கம் அன்றைக்கே தலையாட்டி விட்டது! ஒரே நாளில் வழக்கும் தீர்ப்பும் முடிந்தன. பாதிப் படிப்பில் இருந்தவன், சில சர்வகலாசாலைகளில் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட சம்பளத்துக்கு எங்கே போவான்?

பன்னிரண்டு வருஷம் பள்ளியில் பொதுப் பணத்தைச் செலவிட்டு வளர்த்த பிள்ளையை, பலன் தரும் சமயத்தில் பாத்திரம் துலக்க அனுப்புவது எந்தக் கணக்கில் லாபம்? நர்ஸுகளும் உபாத்தியாயர்களும் போதவில்லை என்று அதே ராஜ்யங்கள்தான் முறையிடுகின்றன.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டபூர்வமான அந்தஸ்து அளிக்கும் 'ட்ரீம்' மசோதா காங்கிரஸுக்கு முதலில் வந்ததும் 2001-ல்தான். 2010-ல் கீழ்ச் சபையில் நிறைவேறியது. செனட்டில் அறுபது வோட்டு தேவைப்பட்டது, ஐம்பத்தைந்துதான் கிடைத்தது. அதன் பிறகு பல தடவை மாற்றி எழுதிக் கொண்டு வந்தும் சட்டமாகவில்லை. கோர்ட்டுகளையும் ராஜ்யங்களையும் நம்பி இந்தப் பிள்ளைகளை இனியும் அலைக்கழிக்காமல், காங்கிரஸ் முதலில் அந்த மசோதாவை எடுத்து நிறைவேற்றட்டும்.