முகம் மறைத்த படமும் முகஞ்சுளிக்கும் நாமும்

சென்ற மாதம் அச்சுவேலியில், பெரியப்பாவின் மகன் வீட்டு விறாந்தையிலிருந்து அனோலி பெரேராவின் ஒளிப்படங்களை மடிக்கணினியில் காட்டிக்கொண்டிருந்தேன். இலங்கைக் கலைஞரான அவர் 2010-11 காலத்தில் உருவாக்கிய வரிசை அது. பழைய ஸ்ரூடியோப் படங்களை நினைவூட்டும் பெண்கள். ஆனால் அவிழ்ந்த கூந்தல் முன்னே விழுந்து முகத்தை மூடியிருக்கும். அருகிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உதென்ன பேய்க்கோலம்? முகமில்லாத படமும் ஒரு படமோ? விளக்கு வைக்கிற நேரத்திலை உதை மூடும்."

மூடினேன். விவாதத்தை மூட மனமில்லை.

அதே விறாந்தைச் சுவரில் எங்கள் அப்பாச்சியின் படம் தொங்குகிறது. சிறுவயதில் அம்மை வந்து, அவர் கன்னமெங்கும் வடு. படத்திலோ வாழைக்குருத்துப் போன்ற கன்னம்! அந்நாளில் ஸ்ரூடியோக்காரர்கள் நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் தடவி வடுக்களை மறைப்பார்கள். அது அவர்களுடைய தொழில், குறைகூறவில்லை. ஆனால் நாங்கள் தொட்டு விளையாடிய அந்த முகம் இன்று எந்தப் படத்திலும் இல்லை. 1995 ஒக்டோபரில் அச்சுவேலியை விட்டு ஓடியபோது, சைக்கிள் கரியரில் கட்டிக் காவிச் சென்றது இந்தப் பொய் முகத்தைத்தான். இதற்கு மாலை போடுகிறோம். அனோலியின் படத்தைப் பேய் என்கிறோம்.

தலைவிரிகோலம் நமக்குப் புதிதா? செத்தவீட்டில் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைப்பதைப் படம்பிடித்து, ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பியவர்கள்தானே நாம்? செய்தி ஆசிரியனாக நானே எத்தனையோ சடலங்களை முதற்பக்கத்தில் இட்டிருக்கிறேன். வாசகர் எவரும் பத்திரிகையை மூடவில்லை. பிணத்தைச் சகித்த கண் கூந்தலுக்கு ஏன் கூசுகிறது?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே. செத்தவீட்டில் அவள் கணவனுக்காக, பிள்ளைக்காகத் தலைவிரிக்கிறாள். இந்தப் படத்தில் தனக்காக விரித்திருக்கிறாள். கலியாணத் தரகரின் பையில் ஊர் ஊராய்ச் சென்று, நிறமும் மூக்கும் அளக்கப்பட்டவைதாமே நம் பெண்களின் படங்கள்? அப்படி அளப்பதற்கு முகந்தர மறுக்கிறாள் இவள். அந்த மறுப்புத்தான் நம்மைச் சுடுகிறது.

அதிர்ச்சி தருவதெல்லாம் கலையென்று நான் வாதிடவில்லை. என் முதற்பக்கச் சடலங்கள் கலையல்ல. அமெரிக்கரான டயான் ஆர்பஸ், சமூகம் ஒதுக்கியவர்களை நேருக்குநேர் நிறுத்திப் படமெடுத்தவர். அவர் மறைந்த மறு ஆண்டு, 1972இல், அப்படங்கள் வெனிஸ் பியனாலேயில் வைக்கப்பட்டன. ஒளிப்படக்கலை பற்றி 1977இல் வெளிவந்த நூலில், அவற்றில் பரிவில்லை என்று சூசன் சொன்ராக் கடுமையாகச் சாடினார். அந்த விமர்சனத்துடன் நான் உடன்படவில்லை, ஆயினும் மதிக்கிறேன். படத்தை உற்றுப் பார்த்தபின் எழுந்த மறுப்பு அது. நம்மவர் மறுப்போ பார்க்குமுன்னரே வந்துவிடுகிறது.

அடுத்தமுறை அச்சுவேலிக்குப் போகையில் அப்படங்களைத் தாளில் அச்சிட்டே கொண்டுபோவேன். நண்பகலில் காட்டுவேன். விளக்கு வைக்கிற நேரமென்று மாஸ்டர் சொல்ல இயலாதல்லவா?