முந்திரிக்காட்டுக் காய்ச்சலும் கரும்பொருக்கும்

மழை ஓய்ந்ததும் விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண் நிலங்களில், முந்திரி மரங்களின் அடியில் புதரும் புல்லும் மண்டிவிடுகின்றன. காய்ப்புக்கு முன் அவற்றை வெட்டித் தரையைத் துப்புரவாக்குவது குடியானவர் வழக்கம். அவ்வேலைக்குச் சென்றவருக்குச் சுமார் பத்து நாள் கழித்துக் கடுஞ்சுரமும் தலைவலியும் கண்டால், மழைக்காலச் சுரமென்று வீட்டிலேயே படுத்துவிடுவது பெருந்தவறு. அது ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயாக இருக்கலாம்.

இந்நோய்க்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற பெயர் வழங்கிவருகிறது. இப்பெயரால் நன்மையினும் தீமையே அதிகம் எனலாம். உண்ணியென்றதும் மாட்டின் காதில் ஒட்டியிருப்பதையே ஜனங்கள் நினைக்கின்றனர், மாடில்லாதவர் கவலையற்றிருக்கின்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் லைம் நோயே மெய்யாக உண்ணிக்கடியால் வருவது. அங்கே கடிவாயைச் சுற்றிச் செந்நிறத் தடிப்பு படரும். இங்குள்ள நோயைத் தருவதோ, பயிரைத் தாக்கும் சிலந்திப்பேனுக்கு உறவான ஒன்றின் ஆறுகால் குஞ்சு. கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாகிய அது, புதரிலும் புல்லிலும் காத்திருந்து எலியையும் மனிதரையும் பற்றுகிறது.

அது கடித்த இடத்தில் சிறு கொப்புளம் எழுந்து, நடுவே கரும்பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக மாறும். பார்வைக்குப் பீடி சுட்டதுபோல் இருக்கும். பீங்கான் சூளைகளுக்குப் பெயர்பெற்ற ஊரில் இதைத் தீப்பொறி பட்ட புண்ணென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அக்குளிலும், இடுப்புக்கயிற்றின் கீழும், தொடையிடுக்கிலும், மார்பின் அடியிலும் தீப்பொறி படுவது அரிது. இப்பொருக்கோ பெரும்பாலும் அவ்விடங்களிலேயே ஒளிந்திருக்கும். வலியும் அரிப்பும் இல்லாமையால் நோயாளி அதனை அறிவதில்லை; அறிந்தாலும் பெண்கள் கூச்சத்தால் மறைக்கின்றனர். வீட்டுப் பெண்களேனும் பார்த்து வைத்தியரிடம் சொல்லவேண்டும். பொருக்கில்லையென்று நோயுமில்லையெனத் துணிதலும் தகாது. பலருக்கு அது தோன்றுவதேயில்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் படைவீரர் பலர் இந்நோய்க்கு இரையாயினர். அன்று தக்க மருந்தில்லை. இன்று டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மருந்துண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சுரம் தணிகிறது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பழுதுறும். நோய் முற்றியவர்களுக்கு அதனோடு அஸித்ரோமைசினையும் சேர்த்து நாளத்தில் ஏற்றுவது மேலென, இந்திய ஆஸ்பத்திரிகளில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வளவு தூரம் போகவிடுவானேன்?

ஆகையால் சுரத்தோடு வைத்தியரிடம் செல்பவர், முந்திரிக்காட்டில் புதர் வெட்டியதை அவர் கேளாமலே சொல்லிவிட வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே அவர் மருந்தைத் தொடங்க அச்செய்தி உதவும். கூலியாளுக்குச் சுரம் கண்டால் அன்றைய கூலியைப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தோப்புக்காரர் கடமை. வேலைக்குப் போகையில் கைகாலை மூடிய உடை வேண்டும். கழற்றிய துணியைப் புதர்மேல் போடலாகாது. வீடு திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் துவைத்துவிட வேண்டும்.