ரசிகர்கள் உருவாக்கும் ‘மாட்’கள்: உழைத்தவர் ஒருவர், உரிமை யாருக்கு?

புது தில்லி: இந்தியாவில் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இடம்பிடித்த பப்ஜி, 2020 செப்டம்பரில் மத்திய அரசின் தடைக்கு உள்ளானது. 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் மீண்டும் வந்தது. இந்த விளையாட்டின் வேர் எந்தப் பெருநிறுவனத்தின் வடிவமைப்புக் கூடத்திலும் இல்லை. செக் குடியரசின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆர்மா 2’ என்ற போர் விளையாட்டை மாற்றியமைத்து, டீன் ஹால் என்பவர் 2012-ஆம் ஆண்டு ‘டேஇசட்’ என்ற தொகுப்பை உருவாக்கினார். அதை மேலும் மாற்றியமைத்து, கடைசிவரை உயிரோடு இருப்பவரே வெற்றியாளர் என்ற வடிவத்தை அளித்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன். அதுவே தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனத்தின் வாயிலாக 2017-ஆம் ஆண்டு பப்ஜியாக வெளிவந்தது.

இவ்வாறு ஏற்கெனவே உள்ள ஒரு வீடியோ கேமை எடுத்துக்கொண்டு, அதில் புதிய வரைபடங்கள், பாத்திரங்கள், கதைகள், விதிகள் ஆகியவற்றைச் சேர்த்து ரசிகர்கள் உருவாக்கும் தொகுப்புகளே ‘மாட்’கள் எனப்படுகின்றன. பெரும்பாலும் ஊதியமின்றி உருவாக்கப்படும் இவை, உலக விளையாட்டுத் துறைக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் வருவாயைத் தேடித் தந்துள்ளன. ஆயினும் அவற்றில் உள்ள படைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் அளிக்கும் விடை அரைகுறையானதாகவே உள்ளது. மீதி விடையை நிறுவனங்களின் பயன்பாட்டு ஒப்பந்தங்கள் எழுதுகின்றன.

முதல் வழக்கு

தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகைப்படுத்துகிறது. முதல்நூலைத் தழுவி, தேவையான இடங்களில் மாறுபட்டுச் செல்வது வழிநூல். பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் மாட் என்பது பெரும்பாலும் இத்தகைய வழிப்படைப்பே. இலக்கண மரபில் வழிநூலின் ஆசிரியர் தனித்து மதிக்கப்படுகிறார். பதிப்புரிமைச் சட்டமோ, முதல் படைப்பாளியின் அனுமதியைப் பெற்றாரா என்று அவரிடம் கேட்கிறது.

இக்கேள்வி அமெரிக்காவின் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1998-ஆம் ஆண்டு எழுந்தது. ‘டியூக் நியூகம் 3டி’ என்ற விளையாட்டுடன், புதிய களங்களை உருவாக்குவதற்கான கருவியும் வழங்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் உருவாக்கி இணையத்தில் பகிர்ந்த 300 களங்களைப் பதிவிறக்கிய மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம், அவற்றைக் குறுந்தகட்டில் பதிந்து விற்றது. விளையாட்டின் உரிமை பெற்ற ஃபார்ம்ஜென் நிறுவனம் இதை எதிர்த்தது.

அந்தக் களக் கோப்புகளில் மூல விளையாட்டின் ஓவியம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் எது தோன்ற வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே இருந்தன. இருந்தபோதிலும், அவை டியூக் நியூகம் கதையைத் தொடரும் புதிய பாகங்களைப் போன்றவை என்பதால் வழிப்படைப்புகளே என நீதிமன்றம் கூறியது. ஃபார்ம்ஜென்னுக்குச் சாதகமாக அமைந்த அத்தீர்ப்பு இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால், அந்த 300 களங்களை உருவாக்கிய ரசிகர்கள் வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை. இரு நிறுவனங்கள் வழக்காட, உழைத்தவர்கள் வெளியே நின்றனர்.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வழிப்படைப்பை உருவாக்கியவருக்கு அவர் புதிதாகச் சேர்த்த பகுதியில் மட்டுமே உரிமை உண்டு. மூலப் படைப்பைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்திய பகுதிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனவே, அனுமதியுடன் மாட் உருவாக்குபவர் தம் பங்குக்கு உரிமையாளர் ஆகலாம். ஆனால், மூல நிறுவனத்தின் இசைவின்றி அதை விற்க இயலாது. நிறுவனமும் அவரது இசைவின்றி அதை எடுத்துக்கொள்ள இயலாது. இந்தச் சமநிலையைக் குலைப்பவைதான் ஒப்பந்தங்கள்.

டோட்டா கற்பித்த பாடம்

புளிஸ்ஸார்ட் நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் உலகங்களை உருவாக்கும் கருவியும் இருந்தது. அதைக் கொண்டு 2003-இல் ‘யூல்’ என்ற புனைபெயருடைய ரசிகர் ‘டோட்டா’வை உருவாக்கினார். மறு ஆண்டு, தாம் விலகுவதாகவும், இனி எவரும் தம் அனுமதியின்றி அதன் புதிய வடிவங்களை வெளியிடலாம் என்றும் இணையப் பதிவொன்றில் அறிவித்தார். தமக்கு ஒரு நன்றிக் குறிப்பு இருந்தால் போதும் என்பதே அவரது வேண்டுகோள். பின்னர் ஸ்டீவ் ஃபீக் என்பவரும், அவருக்குப் பின் ‘ஐஸ்ஃபிராக்’ என்ற புனைபெயரில் இயங்கியவரும் அதை வளர்த்தெடுத்தனர்.

ஐஸ்ஃபிராக்கை வால்வ் நிறுவனம் 2009-இல் பணியில் அமர்த்தியது. ‘டோட்டா’ என்ற வணிகச் சின்னம் தொடர்பாக வால்வுக்கும் புளிஸ்ஸார்டுக்கும் மூண்ட தகராறு 2012 மே மாதம் உடன்பாட்டில் முடிந்தது. வணிகப் பயன்பாடு வால்வுக்கு. ரசிகர்களின் இலவச வரைபடங்களில் அப்பெயர் தொடரலாம் என முடிவானது. 2013-இல் ‘டோட்டா 2’ வெளியானது. 2021-ஆம் ஆண்டு அதன் உலகப் போட்டியின் பரிசுத்தொகை மட்டும் 4 கோடி டாலரைத் தாண்டியது.

கதை அத்துடன் முடியவில்லை. டோட்டாவின் பாத்திரங்களை நகலெடுத்ததாகக் கூறி, கைப்பேசி விளையாட்டுகளை வெளியிட்ட லிலித், யூகூல் ஆகிய நிறுவனங்கள் மீது வால்வும் புளிஸ்ஸார்டும் கலிஃபோர்னியாவில் கூட்டாக வழக்குத் தொடுத்தன. யூல் 2004-லேயே தம் உரிமையைக் கைவிட்டுவிட்டார், எனவே டோட்டா பொதுச் சொத்து என்று யூகூல் வாதிட்டது. உரிமையை அவர் முற்றாகக் கைவிட்டாரா அல்லது வரம்புக்கு உட்பட்டு அனுமதி மட்டும் அளித்தாரா என்பதை ஜூரியே முடிவு செய்ய வேண்டும் எனக் கூறிய நீதிபதி சார்லஸ் பிரேயர், யூகூலின் மனுவை 2017 மே மாதம் நிராகரித்தார். பெரும் பணம் புரளும் ஒரு விளையாட்டின் உரிமை, ரசிகர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய சில வரிகளின் பொருளைச் சார்ந்து நின்றது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

இந்தப் பாடத்தை நிறுவனங்கள் மறக்கவில்லை. 2020 ஜனவரியில் புளிஸ்ஸார்ட் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்’ பதிப்பின் விதிகளில், அந்த விளையாட்டைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்தின் முழு உடைமை எனக் குறிப்பிடப்பட்டது. ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தும் அக்கணத்திலேயே, இன்னும் பிறக்காத படைப்பின் உரிமை கைமாறிவிடுகிறது.

எல்லா நிறுவனங்களும் இவ்வழியில் செல்லவில்லை. ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் விதிகள், ரசிகர் தாமே முழுமையாக உருவாக்கிய மாட் அவருக்கே சொந்தம் என ஒப்புக்கொள்கின்றன. அதை விற்பதற்கு மட்டும் தடை விதிக்கின்றன. அந்த விளையாட்டின் சர்வர்களை இயக்க உதவிய ‘பக்கிட்’ என்ற தன்னார்வத் திட்டம் தங்களுக்கே உரியது என மோஜாங் நிறுவனம் 2014 ஆகஸ்டில் தெரிவித்தது. அடுத்த மாதமே, திட்டத்துக்கு நிரல் எழுதிய பங்களிப்பாளர் ஒருவர் தம் நிரலை நீக்குமாறு பதிப்புரிமை அறிவிப்பு அனுப்ப, மென்பொருளின் விநியோகம் முடங்கியது. ஊதியம் பெறாத பங்களிப்பாளருக்கும் சட்டத்தில் வலு உண்டு என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டில் கதாபாத்திரங்களாக வாழ்ந்து விளையாடும் சர்வர்கள் இந்திய யூடியூபர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றவை. அவற்றுக்கு அடித்தளமான ‘ஃபைவ்எம்’ மாட் உருவாக்குநர்களின் கணக்குகளை ராக்ஸ்டார் நிறுவனம் 2015-இல் முடக்கியது. 2023 ஆகஸ்டில் அதே நிறுவனம் அந்தக் குழுவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. எட்டு ஆண்டுகளில் அத்துமீறல் சொத்தாக மாறியது. எது எப்போது எதுவாகக் கருதப்படும் என்பதை முடிவு செய்யும் ஆற்றல் பெரும்பாலும் நிறுவனத்தின் கையிலேயே உள்ளது.

பணம் நுழைந்தபோது

2015 ஏப்ரலில் வால்வும் பெதஸ்டாவும் ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் மாட்களை விற்பனை செய்யும் வசதியை அறிமுகப்படுத்தின. உருவாக்கியவருக்குக் கிடைத்த பங்கு 25 சதவீதம். ரசிகர்களின் கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. பங்கு விகிதத்தைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் அப்போது வெளிப்பட்டது. விற்பனைக்கு வந்த மீன்பிடித் தொகுப்பு ஒன்று, வேறொருவர் இலவசமாக அளித்திருந்த அசைவூட்டத் தொகுப்பைச் சார்ந்திருந்ததால் சர்ச்சைக்கு உள்ளாகி நீக்கப்பட்டது. மாட் உருவாக்கம் என்பது ஒருவரின் வேலையின் மீது மற்றொருவர் அடுக்கிச் செல்லும் கூட்டுழைப்பு. இலவசமாக இருக்கும்வரை அடுக்குகளை எவரும் எண்ணுவதில்லை. விலை வைத்த மறுநாளே எண்ணத் தொடங்குகின்றனர்.

இதே சிக்கலின் மற்றொரு முகம் 2021 ஜூலையில் தெரிந்தது. மாட்களுக்கான பெரும் களஞ்சியமான ‘நெக்சஸ் மாட்ஸ்’, பதிவேற்றப்பட்ட கோப்புகளை இனி உருவாக்கியவரே விரும்பினாலும் நிரந்தரமாக நீக்க முடியாது, அவை காப்பகத்தில் இருக்கும் என்று அறிவித்தது. உடன்படாதவர்கள் தம் கோப்புகளை நீக்கிக்கொள்ளக் குறுகிய கால அவகாசம் அளிக்கப்பட்டது. பலர் வெளியேறினர்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. படைப்பைத் தழுவி மாற்றியமைக்கும் உரிமை, 14-ஆம் பிரிவின்படி அதன் உரிமையாளருக்கே உரியது. எனினும் 52-ஆம் பிரிவு ஒரு முக்கிய விலக்கை அளிக்கிறது. சட்டப்படி பெற்ற நிரலைத் தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்காக நகலெடுப்பதும் மாற்றியமைப்பதும் உரிமை மீறல் ஆகாது. தம் கணினியில் தமக்காக ஒருவர் மாற்றம் செய்வதற்கு இது துணைநிற்கும். அதை இணையத்தில் பலருக்கும் பகிர்வது தனிப்பட்ட பயன்பாட்டின் எல்லையைத் தாண்டியது.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை 19-ஆம் பிரிவு கவனத்துக்குரியது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கொடுப்பவரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். மின்னணு ஒப்பந்தங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. ஆனால், பொத்தானை ஒருமுறை சொடுக்குவது 19-ஆம் பிரிவு கோரும் கையொப்பம் ஆகுமா என்பது வாதத்துக்கு இடமளிக்கும் கேள்வி.

இவற்றைவிட வலுவானது 57-ஆம் பிரிவு. பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும், ‘இது என் படைப்பு’ என உரிமை கோரவும், தம் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படும் வகையில் அது சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு அப்பிரிவு உரிமை அளிக்கிறது. விக்யான் பவனில் இருந்து அகற்றப்பட்டுச் சேதமடைந்த தம் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது இந்த உரிமையின் அடிப்படையில்தான். யூல் கேட்ட நன்றிக் குறிப்பு, இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெறும் மரியாதை அன்று. அது ஓர் உரிமை.

எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை

பப்ஜியின் வரலாறு மற்றொரு வாயிலையும் காட்டுகிறது. கருத்துக்கோ கதைக்கருவுக்கோ பதிப்புரிமை இல்லை, அவற்றின் வெளிப்பாட்டு வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-ஆம் ஆண்டு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் கூறியது. பிற நாடுகளின் சட்டங்களும் இதையே ஏற்கின்றன. எனவேதான் கிரீன், ஆர்மாவின் நிரலை விட்டுவிட்டு, எண்ணத்தை மட்டும் எடுத்துச் சென்று வேறு இயங்குதளத்தில் புதிய விளையாட்டைப் படைக்க முடிந்தது. அவ்வாறு பிறந்த பப்ஜியின் நிறுவனமே 2018-இல், தன் விளையாட்டின் கூறுகளை நகலெடுத்ததாக சீனாவின் நெட்ஈஸ் மீது வழக்குத் தொடுத்தது. குண்டடியைத் தடுக்கும் வாணலியும் அதன் புகார்ப் பட்டியலில் இடம்பெற்றது. மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆனால், எண்ணத்துடன் வெளியேறி முதலீட்டாளரைக் கண்டடையும் வாய்ப்பு மிகச் சிலருக்கே வாய்க்கிறது. எஞ்சிய பெரும்பான்மையினர் உருவாக்கிய வரைபடங்களும் பாத்திரங்களும் மூல விளையாட்டுக்குள்ளேயே தங்கி, அதன் ஆயுளை நீட்டிக்கின்றன. அவர்களுக்குப் பெயராவது மிஞ்சுமா என்பதே உண்மையான கேள்வி.

இந்திய இளைஞர்கள் விளையாடுபவர்கள் என்ற நிலையிலிருந்து உருவாக்குபவர்கள் என்ற நிலைக்கு நகரும் காலம் இது. மாட் உருவாக்கத் தொடங்கும் முன் விளையாட்டின் விதிகளில் உரிமை குறித்த பகுதியைப் படிப்பதும், எதைத் தாமே செய்தோம், எதைப் பிறரிடமிருந்து பெற்றோம் என்பதைத் தேதியுடன் பதிவு செய்து வைப்பதும், இலவசமாக வெளியிடும்போது நிபந்தனைகளைத் தெளிவாக எழுதுவதும் அவர்கள் கையில் உள்ளன. டோட்டா வழக்கில் பல ஆண்டுக் குழப்பத்துக்கு வித்திட்டது, தெளிவற்ற ஓர் இலவச அனுமதியே.

மற்றவை சட்டமியற்றுவோர் கையில் உள்ளன. விளையாட்டுத் துறையை வளர்க்க விரும்பும் அரசு, சொடுக்கு ஒப்பந்தம் ஒன்றின் மூலம் எதிர்காலப் படைப்பு முழுவதையும் எழுதி வாங்க முடியுமா என்பதையும், 57-ஆம் பிரிவின் உரிமையை அத்தகைய ஒப்பந்தத்தால் பறிக்க முடியுமா என்பதையும் தெளிவுபடுத்துவது அவசியம். அதுவரை, ஒரு மாட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கான விடை, எவரும் படிக்காமல் கடந்து செல்லும் ஒப்பந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.