சுகம் வந்த பின்னரா வேலை?

வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் சிகிச்சை பெற்ற இளைஞர் ஒருவர் ஊர் திரும்புகிறார். முன்னர் மேசனுக்குக் கையாளாக நின்றவர். பழைய மேசனாரிடம் சென்று வேலை கேட்கிறார். "முதல்லை வடிவாச் சுகமாகு தம்பி, பிறகு பாப்பம்" என்று பதில் வருகிறது. கசிப்புப் பழக்கத்தை விடுவதற்காகப் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து வந்த குடும்பத் தலைவருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்: "ஒரு வருசம் குடியாமல் இருந்து காட்டு, பாப்பம்."

இப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆனால் அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. வேலையில்லாத இளைஞர் விறாந்தையில் முடங்குகிறார். 'விசரன்' என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. குடியை விட்டவரை மாலையில் தேடி வருபவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே. நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: வேலை என்பது சுகமானவருக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, சுகமாவதற்கான வழிகளுள் அதுவும் ஒன்று.

இதை வெறும் இரக்கத்தினால் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் டெபோறா பெக்கர், றொபேட் ட்றேக் ஆகியோர் 1990களில் பழைய முறையைத் தலைகீழாக்கினர். நோயாளரைப் பயிற்சிக்கூடங்களில் நீண்டகாலம் வைத்திருப்பதற்குப் பதிலாக, அவர் விரும்பும் வேலையைச் சாதாரண சம்பளத்துடன் விரைவாகத் தேடிக் கொடுத்தனர். பயிற்சி வேலைத்தலத்திலேயே நடந்தது. வேலை தேடிக் கொடுப்பவர் சிகிச்சைக் குழுவோடு சேர்ந்து இயங்கினார். வேலை கிடைத்த பின்னரும் துணை நின்றார். வேலை செய்ய விரும்பிய எவரும் 'இன்னும் தயாரில்லை' என்று திருப்பி அனுப்பப்படவில்லை.

இம்முறை ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கடுமையான உளநோயுள்ள 312 பேரிடம் பரீட்சிக்கப்பட்டு, 2007இல் முடிவுகள் வெளியாயின. புதிய முறையில் 55 வீதமானோர் ஒரு நாளாவது வெளியே வேலை செய்தனர். பழைய முறையில் 28 வீதமானோரே. வேலைப்பளு நோயைக் கூட்டும் என்ற பயமும் மெய்ப்படவில்லை. மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் புதிய முறையில் 20 வீதம், பழைய முறையில் 31 வீதம்.

அங்குள்ள தொழிற்சாலைகளும் உத்தியோகத்தர்களும் எமது கிராமங்களில் இல்லை என்பது உண்மையே. ஆனால் எம்மிடம் தோட்டமும் வாடியும் தச்சுப்பட்டறையும் சைக்கிள் திருத்தும் கடையும் உண்டு. ஆளை ஆள் தெரியும். தேவைப்படுவது சில சிறு ஒழுங்குகளே.

இரவில் குடிக்கும் மருந்தினால் காலையில் தூக்கக் கலக்கம் இருக்குமானால், ஏழு மணிக்குப் பதிலாக ஒன்பது மணிக்கு வரச் சொல்லலாம். குளோர்ப்புறோமசின் குடிப்பவரின் தோல் வெயிலில் எளிதில் எரியும். லிதியம் குடிப்பவர் கடுமையாக வியர்த்தால் மருந்து உடலில் அளவுக்கு மிஞ்சித் தேங்கி ஆபத்தாகலாம். இவர்களுக்கு நடுப்பகல் வெங்காயத் தோட்டத்தை விட நிழலில் செய்யும் வேலை நல்லது. எந்த மருந்து, எந்த வேலை என்பதை அவரது சம்மதத்துடன் வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும். மயக்கம் உள்ளவரைச் சாரத்தில் ஏற்றக்கூடாது. கிளினிக் நாளில் லீவு கொடுப்பதோடு, அதனால் வேலை பறிபோகாது என்ற உறுதியும் கொடுக்க வேண்டும்.

குடியை விட்டவருக்கு ஒழுங்கு வேறு. வேலை முடிந்ததும் கூலியோடு சாராயமும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் உள்ள இடத்துக்கு அவரை அனுப்புவது கிணற்றில் தள்ளுவதற்குச் சமம். அவர் விரும்பினால், கூலியில் ஒரு பங்கைக் கூட்டுறவுச் சங்கச் சேமிப்பில் இடலாம். அவரைக் கேளாமல் மனைவியின் கையில் கொடுப்பது அவரைச் சிறுபிள்ளையாக்கும். ஒருநாள் தவறினால் அன்றோடு துரத்திவிடாமல், மீண்டும் சிகிச்சைக்குப் போக வழிகாட்ட வேண்டும்.

இரக்கத்தின் பெயரால் நடக்கும் சுரண்டலையும் நாம் கண்டிருக்கிறோம். 'வேலை கொடுத்ததே பெரிது' என்று அரைக்கூலி கொடுப்பதும், சாப்பாட்டோடு அனுப்புவதும் உதவியல்ல. செய்த வேலைக்கு மற்றவர் பெறும் கூலியே இவருக்கும் உரியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உள ஆற்றல் குறைவினால் வலுவிழந்தோரையும் உள்ளடக்கி, வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆயினும் நாட்கூலிக்கு ஆள் பிடிக்கும் சந்தியில் சட்டப் புத்தகத்தை எவரும் விரிப்பதில்லை. அங்கே ஊரவரின் வார்த்தையே செல்லுபடியாகும்.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மாதர் சங்கங்களையும் நாம் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்துக்கு முன்னர், ஊரில் இப்படி வீட்டோடு இருக்கும் ஒருவரிடம் சென்று, "என்ன வேலை செய்ய விருப்பம்?" என்று கேளுங்கள். அந்த வேலையை வைத்திருப்பவரிடம் அவரோடு சேர்ந்து போங்கள். வேலை தொடங்கிய பின்னர் வாரம் ஒருமுறை இருவரையும் சந்தியுங்கள். ஒரு சங்கம் வருடத்துக்கு ஒருவருக்கு இதைச் செய்தாலும், மேசனாரின் 'பிறகு' என்ற சொல்லுக்கு ஒரு திகதி கிடைத்துவிடும்.