வென்றால் மட்டும் போதாதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலை மாணவர்கள் ஆடும் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிர்ப்பவனை வீழ்த்தியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. 1869ஆம் வருஷம் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரண்டு கலாசாலைகள் மோதிய பந்தயத்தை அதன் தொடக்கமாகக் கூறுவர். இன்று அது பெரும் பணம் புரளும் வியாபாரம். வியாபாரம் வளர்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆட்டத்தின் நியாயத்தை அது விழுங்கலாகாது என்பதே நமது கட்சி.

2023ஆம் வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். பிளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலைக் கோஷ்டி பதின்மூன்று பந்தயங்கள் ஆடிப் பதின்மூன்றிலும் ஜயித்தது. தன் சங்கத்தின் சாம்பியன் பட்டத்தையும் பெற்றது. தேச சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் பந்தயங்களில் அப்போது நான்கு கோஷ்டிகளுக்கே இடமுண்டு. அந்நால்வரைப் பொறுக்கும் வேலை பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டியுடையது. அக்கமிட்டி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே அழைத்து, தோல்வியே காணாத பிளோரிடா ஸ்டேட்டை வாசலில் நிறுத்திவிட்டது. கோஷ்டியின் பிரதான ஆட்டக்காரர் காயமுற்றதால் அதன் பலம் குன்றிவிட்டதாம்! வழக்கில் ஜயித்த கட்சிக்காரனைப் பார்த்து, “உன் வக்கீல் நோய்வாய்ப்பட்டிருக்கிறார், அடுத்த வழக்கில் நீ தோற்கக்கூடும், ஆகவே இந்த டிக்ரி உனக்கில்லை” என்று சொல்லும் நீதிபதியை நாம் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை.

கூக்குரல் எழுந்தது. முன்பே முடிவு செய்திருந்தபடி, 2024 முதல் நான்கு இடங்கள் பன்னிரண்டாயின. இது நல்ல சீர்திருத்தமே, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுள் ஐந்து இடங்களே சங்க சாம்பியன்களுக்கு. மற்ற ஏழும் கமிட்டியின் தயவு. எந்த ஐந்து சாம்பியன்கள் என்பதையும் 2024, 2025 ஆகிய வருஷங்களில் கமிட்டியின் தரவரிசையே தீர்மானித்தது. கதவு அகலமாயிற்று, காவற்காரன் மாறவில்லை.

நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ‘கான்பரன்ஸ்’ என்று அவர்கள் அழைக்கும் சங்கங்கள், அண்டை அயல் கலாசாலைகள் தங்களுக்குள் ஆடுவதற்காக ஏற்பட்டவை. இன்று அவை நிலவரையறை அற்றுவிட்டன. ‘பெரிய பத்து’ என்ற பெயருடைய சங்கத்தில் பதினெட்டு அங்கத்தினர்கள்! ‘அட்லாண்டிக் கரை’ச் சங்கத்தில் பசிபிக் கரையோரத்து ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும்! 1915இல் வேரூன்றிய பசிபிக் சங்கத்தின் பன்னிரண்டு கலாசாலைகளில் பத்து, 2024இல் பிரிந்து போயின. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டுமே எஞ்சின. சங்கத்தின் சொத்தைக் காப்பதற்கு அவ்விரண்டும் கோர்ட்டுப் படியேற நேர்ந்தது.

இதனால் நஷ்டமடைவது கால்பந்துக் கோஷ்டி மட்டுமல்ல. கலாசாலை சங்கம் மாறினால் கைப்பந்து ஆடும் பெண்களும் மாற வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் மாணவி நியூ ஜெர்ஸிக்கு 2,400 மைலுக்கு மேல் பறந்து ஆடிவிட்டு, திரும்பி வந்து பாடம் படிக்க வேண்டும். அவளுடைய ஆட்டத்துக்காக யாரும் கோடி கொடுக்கவில்லை. கஷ்டம் மட்டும் அவள் பங்கு.

பதினேழு பதினெட்டுக் கோஷ்டிகள் உள்ள சங்கத்தில் எல்லோரும் எல்லோரோடும் மோத இயலாது. ஆகவே சாம்பியன் பட்டமே மதிப்பிழக்கிறது. 2025இல் அட்லாண்டிக் கரைச் சங்கத்தின் பட்டத்தை வென்றது, ஐந்து தோல்வி கண்ட ட்யூக். பலர் சமமாக நின்றதால் விதிகளின் நுணுக்கமே அதை இறுதிப் போட்டிக்கு ஏற்றிவிட்டது. கமிட்டி அதற்கு இடமளிக்கவில்லை. குற்றம் ட்யூக்குடையதன்று, ஊதிப்போன சங்கத்தினுடையது.

இவற்றுக்கெல்லாம் காரணம் டெலிவிஷன் பணம். 1984இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கலாசாலைகளின் பொது ஸ்தாபனம் கட்டுப்படுத்தியது வியாபாரத் தடை என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவருள் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட், தம் இளமையில் கொலராடோ கலாசாலையின் புகழ்பெற்ற கால்பந்து வீரர். கல்வி நோக்கமுள்ள ஏற்பாட்டை வெறும் வியாபாரம்போல் எடைபோடலாகாது என்றார் அவர். பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டப்படி தவறென்று நாம் சொல்லோம். ஆனால் அதன் பின் ஒவ்வொரு சங்கமும் தன் சரக்கைத் தானே விற்கக் கிளம்பியது. வலியவர் எளியவரின் அங்கத்தினர்களைக் கவர்ந்தனர். 2026 முதல் ஆறு பருவங்களின் இறுதிப் பந்தயங்களுக்கு ஒப்புக்கொண்ட தொகை சுமார் 780 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் இரண்டே சங்கங்களுக்குப் போகிறது.

பரிகாரம் என்ன? முதல் வரிசையில் சுமார் 136 கலாசாலைகள் உள்ளன. அவற்றை நிலப்பரப்பை அனுசரித்துப் பத்துப் பத்தாகப் பிரித்தால் பதின்மூன்று அல்லது பதினான்கு சங்கங்களாகும். ஒவ்வொரு கோஷ்டியும் தன் சங்கத்தார் ஒன்பது பேரோடும் மோதட்டும். வெளியாரோடு ஆடவும் பருவத்தில் இடமிருக்கும். இறுதிப் பந்தயங்களுக்குப் பதினாறு இடங்கள். சங்க சாம்பியன்கள் அனைவரும் உரிமையோடு நுழையட்டும். மிஞ்சும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் கமிட்டி போதும். 1961ஆம் வருஷத்துச் சட்டமொன்று, தொழில்முறைக் கோஷ்டிகள் ஒன்றுகூடி ஒளிபரப்பு உரிமையை விற்க அனுமதிக்கிறது. அந்தச் சலுகையை அமெரிக்கக் காங்கிரஸ் கலாசாலைகளுக்கும் நீட்டி, வருமானத்தை எல்லோருக்கும் பங்கிட நிபந்தனை விதிக்க வேண்டும்.

வலிய சங்கத்தில் இரண்டாவதாக வந்தவன் வெளியே நிற்க, எளிய சங்கத்து முதல்வன் உள்ளே வருவதா என்று சிலர் கேட்பர். இரண்டாவதாக வந்தவனுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது; அதை அவன் மைதானத்திலேயே இழந்தான். மற்றவனுக்கோ சந்தர்ப்பமே மறுக்கப்படுகிறது. கீழ் வரிசைக் கலாசாலைகள் 1973 முதலே இறுதிப் பந்தயம் நடத்தித் தம் சாம்பியனைக் கண்டுவருகின்றன. சிறியோர் அரை நூற்றாண்டாகச் செய்துவருவது பெரியோருக்கு அசாத்தியம் என்பது நொண்டிச் சாக்கு.

பெரிய கலாசாலைகள் தாமாக இணங்கா என்பதை அறிவோம். லாபம் பெறுவோர் தம் லாபத்தைத் தாமே குறைத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆகவேதான் சட்டம் குறுக்கிட வேண்டும் என்கிறோம். ஜயாபஜயம் மைதானத்தில் தீரட்டும். கமிட்டியின் அறையில் அன்று.